முதல் நாடகம் போடுகிறீர்களா? முதலில் வட்டமாக உட்காருங்கள்

வேலையிடத்து ஆட்கள் நாலு பேர், உயர்நிலைப்பள்ளி நண்பர்கள் இரண்டு பேர், கொஞ்சம் எழுத வரும் ஒருவர் என்று சிங்கப்பூரில் ஒரு காப்பிக்கடையில் சேர்ந்து உட்கார்ந்தால் எப்படியோ "நாமளே ஒரு தமிழ் நாடகம் போட்டா என்ன?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. நல்ல பேச்சு, தள்ளிப்போடாதீர்கள். ஆனால் யாருக்கு எந்த வேடம், போஸ்டரில் யார் படம் என்று இறங்குவதற்கு முன்னால், இந்த நாடகத்தில் கைவைக்கப்போகும் அத்தனை பேரையும் ஒரு மாலை வட்டமாக உட்காரவைத்து முழுப் பிரதியையும் சத்தமாக வாசித்துவிடுங்கள். நடிகர்கள் மட்டும் போதாது. விளக்கு பார்ப்பவர், உடை தேடுபவர், டிக்கெட் விற்பவர் எல்லாரும் வர வேண்டும்.

நாடகம் வந்த வழியைப் பார்த்தாலே இது புரியும். பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் டயோனைசஸ் என்ற தெய்வத்தின் விழாவில் கோரஸ் என்ற குழு சேர்ந்து பாடி ஆடியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தெஸ்பிஸ் என்பவர் அதிலிருந்து தனியே வந்து நின்று பதில் பேசினார், அவர்தான் முதல் நடிகர் என்பது கிரேக்கர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தவர் ஈஸ்கிலஸ், மூன்றாமவரைச் சேர்த்தவர் சோஃபோக்ளிஸ் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். ஆக, கூட்டம் முதலில், நடிகர் அப்புறம். நம் தெருக்கூத்திலும் வேடக்காரர் ஒரு வரி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் வாங்காவிட்டால் வேடம் அந்த இடத்திலேயே நின்றுபோகும். தெருக்கூத்து திரௌபதி அம்மன் விழாக்களோடு வளர்ந்த கலை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முந்தைய வாரங்களில் மகாபாரதக் காட்சிகளை நடத்திக் காட்டுவதை ஒருமுறை போய்ப் பாருங்கள், பார்ப்பவருக்கும் செய்பவருக்கும் நடுவே எவ்வளவு குறைவான தூரம் இருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்றும் வாசியுங்கள்: சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி மேடையேறுவதைச் சொல்ல வந்த இளங்கோவடிகள் நேரே அவள் ஆட்டத்துக்குப் போய்விடவில்லை. ஆடலாசிரியர், இசையாசிரியர், கவிஞர், தண்ணுமை என்ற முழவு, குழல், யாழ் வாசிப்பவர்கள் என ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறார். அப்புறம் மேடையின் அளவு: 24 விரல் கொண்டது ஒரு கோல், ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், இரண்டு வாயில். மூன்று விதத் திரைகள். எனக்கு மிகவும் பிடித்தது விளக்கைப் பற்றி வரும் இடம். தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே விழும்படி விளக்கை வைக்கிறார்கள். இன்றைக்கும் அரங்கு கைக்கு வந்த அன்று நாம் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: ஒருவரை மேடையில் ஒவ்வொரு இடமாக நிற்கச் சொல்லி, கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் நிழல் யார் முகத்தில் விழுகிறது என்று பாருங்கள்.

சரி, வாசிப்புக்கு வருவோம். இங்கே வளர்ந்த இளையர்கள் பலர் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் அச்சில் பார்த்தால் மெதுவாகத்தான் வாசிப்பார்கள். அதைக் குறையாகப் பார்த்துவிட்டால் நல்ல நடிகர்களை முதல் நாளே இழந்துவிடுவீர்கள். எங்கள் குழுவில் ஒரு தங்கை முதல் வாசிப்பில் விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே வந்தாள், மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துக்கொடுக்க ஆரம்பித்ததும் குரல் சுருங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மூத்த நடிகர் "எடுத்துக்கொடுக்காதீங்க, புள்ள வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் பிரதியை மூடி வைத்துக் கேட்டார். அன்றைக்கு வாசிப்பு முடிய மூன்று மணி நேரம் ஆனது. ஆகட்டும். வீட்டில் கேட்டுப் பழக, வசனங்களைக் குரல்பதிவாக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். பதிவு செய்பவர் நடிக்காமல் சாதாரணமாக வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஏற்ற இறக்கத்தையே எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள்.

வசனம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் அந்த வட்டத்தில்தான் தெரியவரும். புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் நிற்கும் பாத்திரம் எழுத்துத் தமிழில் "நீ எங்கே செல்கிறாய்" என்று கேட்டால் காது உடனே காட்டிக்கொடுத்துவிடும், எழுதியவர் அந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளலாம். ஒரே மொழியில்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்றும் இல்லை. 1988இல் சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் உருவாக்கிய "மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்" நாடகத்தில் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி பேசும் ஒரு தாயும் தமிழ் பேசும் ஒரு முதியவரும் சந்திக்கிறார்கள், இருவரும் பூனையைத் தேடுகிறவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, சைகையிலேயே புரிந்துகொள்கிறார்கள். நம் புளோக்குகளில் தினமும் நடப்பதுதானே இது.

இப்போது பொறுப்புகள். ஏதென்ஸில் கோரஸுக்கு ஆகும் செலவை ஏற்க வசதியான குடிமகன் ஒருவரை நகரமே நியமித்தது, அவருக்குக் கொரேகஸ் என்று பெயர். உங்கள் குழுவிலும் பணத்தைப் பார்க்க ஒருவர் தனியாக வேண்டும், அவர் நடிக்கக் கூடாது. அரங்கை முதலில் பிடியுங்கள். முதல் நாடகத்துக்குக் குட்மேன் கலை நிலையத்தின் பிளாக் பாக்ஸ் அரங்கு போன்ற சிறிய இடம் போதும், எஸ்பிளனேட் போன்ற பெரிய கலையரங்கம் காத்திருக்கும். பிரதியை முன்கூட்டியே கொடுத்து, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும், ஆகவே கடைசி நேரம் வரை முடிவை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது நடிகர்களும் விளக்குக்காரர்களும் ஏற்கெனவே எங்காவது வாக்குக் கொடுத்திருப்பார்கள். தேதி போடும் முன் எல்லாரிடமும் ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடித்தவர்களை மறுபடி அழைக்கும் பயிற்சி) தேதி, ஷிஃப்ட், பிள்ளைகளின் தேர்வு மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நடிகரிடம் திருத்தம் சொல்வது இயக்குநர் மட்டும். இதில் நான் கண்டிப்பானவள், காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு நான் எழுதிய நாடகத்தில், இடைவேளையில் ஒரு தம்பியிடம் போய் "அந்த இடத்தில் கோபம் வேண்டாம், சலிப்பு போதும்" என்று சொல்லிவிட்டேன். இயக்குநர் அதற்கு முன்தினம்தான் கோபத்தைக் கூட்டச் சொல்லியிருந்தார். அடுத்த ஒத்திகையில் அவன் பாதி வசனத்தில் நின்று "அக்கா, நான் யார் சொல்றதைக் கேக்கிறது?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து விலகிக்கொண்டான், அந்த நல்ல நடிகன் போனதற்கு நான்தான் காரணம். அதிலிருந்து எனக்குத் தோன்றுவதை நோட்டில் எழுதி இயக்குநரிடம் கொடுப்பதோடு சரி.

குழுவிலேயே நம்பகமானவரை மேடை மேலாளர் ஆக்குங்கள். மிச்சம் இருப்பவருக்குக் கொடுக்கும் வேலை இல்லை இது. யார் எந்த வரியில் எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எந்த இடத்தில் கதவுச் சத்தம் என எல்லாமே அவருடைய பிரதியில் இருக்கும், பென்சிலில், ஏனென்றால் கடைசி வாரம் வரை மாறும். அரங்கின் மேடை கைக்கு வரும் வரை ஒத்திகை அறைத் தரையில் டேப் ஒட்டி அதே அளவில் வாசல், கட்டில், ஜன்னல் எல்லாவற்றையும் குறித்துவிடுவார். டெக்னிக்கல் ஒத்திகையில் ஹெட்செட்டில் அவர் குரல் இப்படி வரும்: "விளக்கு பன்னிரண்டு, ஸ்டேண்ட்பை." பன்னிரண்டாவது விளக்கு மாற்றத்துக்குத் தயாராக இரு என்று பொருள். விளக்குக்காரர் "ஸ்டேண்ட்பை" என்பார். மேடையில் அம்மா பாத்திரம் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்புகிறது, ஒரு மூச்சு, அப்புறம் "கோ". அந்த "கோ" என்ற சொல்லை ஹெட்செட்டில் வேறு எதற்காகவும் யாரும் சொல்லக் கூடாது. பேச்சுவாக்கில் சொன்னாலும் விளக்கு மாறிவிடும்.

நாடகம் தொடங்கிய பிறகு இயக்குநருக்கு வேலை இல்லை, பார்வையாளர்களோடு உட்காரட்டும். எல்லாம் மேடை மேலாளர் கையில்.

கடைசிக் காட்சி முடிந்த இரவே அரங்கைக் காலி செய்ய வேண்டியிருக்கும், கடைசி எம்ஆர்டி ரயிலுக்குள் எல்லாரும் கிளம்பவும் வேண்டும். அதனால் யார் எதைக் கழற்றுகிறார், லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்ற பட்டியலை முதல் காட்சிக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். நடிகர்கள் பூங்கொத்தோடு படம் எடுத்து முடித்ததும் உடை மாற்றி வந்து நாற்காலி தூக்க வேண்டும், கதாநாயகி உட்பட. இரவல் வாங்கிய சாமான்களில் உரியவர் பெயரை அடியில் எழுதி ஒட்டியிருப்பீர்கள்தானே? அங் மோ கியோ வட்டாரத்தில் இருக்கும் பாட்டி வீட்டு வெற்றிலைப் பெட்டியை அடுத்த நாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், அடுத்த நாடகத்துக்கும் அது தேவைப்படும்.