கால் மரத்துப் போகுதா? வைட்டமின் பி12 டெஸ்ட் எடுத்துடுங்க

பாதம் எரியுது, உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னா வயசாயிடுச்சுன்னு விட்றாதீங்க. எங்க அம்மா சுத்த சைவம், செருப்பு கழண்டு போனதுகூட தெரியாம நாலு அடி நடந்து போயிட்டாங்க, அப்புறம்தான் டெஸ்ட் எடுத்தோம், பி12 ரொம்ப கம்மி.

முதல்ல கண்ணாடில நாக்க நீட்டிப் பாருங்க, சொரசொரப்பு போயி வழவழன்னு செவந்து இருந்தா சந்தேகப்படணும். அப்புறம் ரத்தத்துல பி12, கூடவே சிபிசி (ரத்த அணுக்களை எண்ணிப் பாக்குற டெஸ்ட்) எடுங்க, பி12 அளவு ஒரு மில்லி ரத்தத்துக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ இருந்தா பொதுவா குறைபாடுன்னு எடுத்துக்குவாங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போடுறவங்க கட்டாயம் பாக்கணும், அது பி12 உடம்புல சேர்றத குறைக்கும்.

முருங்கைக்கீரை எவ்ளோ சாப்பிட்டாலும் இது ஏறாது, கீரைல பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், ஈரல் இதுலதான் இருக்கு. ரொம்ப எறங்கிட்டா சாப்பாடு மட்டும் பத்தாது, டாக்டர் ஊசியோ மாத்திரையோ சொல்வாங்க.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க, பி12 கம்மியானா ரத்தசோகையும் வரும், அதுக்குன்னு நீங்களா மெடிக்கல்ல ஃபோலிக் ஆசிட் (இன்னொரு பி வைட்டமின்) மட்டும் வாங்கிப் போடாதீங்க, ரத்தம் சரியான மாதிரி காட்டும் ஆனா உள்ள நரம்பு கெட்டுக்கிட்டே இருக்கும், லேட்டானா மரத்துப்போனது முழுசா சரியாகாமலே போயிடலாம்.