சாமந்தி மொட்டு வைக்கவில்லையா? தெருவிளக்கைப் பாருங்கள்

மழை ஓய்ந்து வேலூரில் பனி இறங்கும்போதுதான் சாமந்திக்கும் டிசம்பர் பூவுக்கும் கொண்டாட்டம், ஆனால் செடி மதமதவென்று வளர்ந்தும் மொட்டையே காணோம் என்றால் முதலில் தெருவிளக்கைப் பாருங்கள். சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வாசலிலேயே கம்பம் நிற்கும் வீடுகளில் தொட்டியைக் கொல்லைப்புறம் மாற்றிப் பாருங்கள், அதற்கு முன் உரக்கடைக்கு ஓட வேண்டாம். மொட்டு வந்தபின் நுனியைக் கிள்ளாதீர்கள். வாடிய பூவை, காம்பில் கீழே இருக்கும் முதல் நல்ல இலைக்குச் சற்று மேலாக நறுக்கிவிட்டால் பக்கக் கிளை துளிர்க்கும். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும்.

டிசம்பர் பூவுக்கு இவ்வளவு சீராட்டெல்லாம் தேவையில்லை. பூத்து முடிந்ததும் பாதியாக வெட்டி, அந்தக் குச்சியையே மண்ணில் ஊன்றுங்கள்.

அப்புறம் குண்டுமல்லி: நவம்பர் கடைசியில் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்துவிடுங்கள், பங்குனியில் கூடை பத்தாது.