இரண்டடுக்குச் சரிபார்ப்பு: பல்கலைக்கழக ஊழியர்கள் சறுக்கும் இடங்கள்

கணினிப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: இன்ன தேதிக்குள் ஊழியர்கள் அனைவரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் போன் போன்ற இன்னொன்றாலும் நம்மை உறுதிசெய்யும் முறையை, அமைத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் அதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவார்கள். கடைசி நாளன்று, வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில், வருகிற திரையிலெல்லாம் 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்தி பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கோளாறு தெரிவது மாதக்கணக்கில் கழித்து: போன் தொலைந்த அன்று, வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய் இறங்கிய இரவு, மதிப்பெண் பதிவேற்றும் கடைசி நாளன்று.

இந்தத் தவறுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நம் வீட்டுக்கு நாமே வெளியே நின்று கதவைத் தட்டுகிறோம். மற்றதில் இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு, இரண்டு சாவியையும் வந்தவன் கையில் கொடுத்துவிடுகிறோம். முதல் வகையைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புவார்கள், ஏனென்றால் அது உடனே வலிக்கும். இரண்டாவது நடந்ததே பல நாள் தெரியாது.

"என் கணக்கில் அப்படி என்ன இருக்கிறது?"

அசட்டையாக அமைப்பதற்கு அடிப்படையே இந்தக் கேள்விதான். 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை 9 ஈரானியர்கள் மீது குற்றம் சாட்டியது. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், வேறு 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள் அவர்களின் இலக்கு என்றது குற்றப்பத்திரிகை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர்களின் கணக்குகளைக் குறிவைத்து, சுமார் 8,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்களாம். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆய்வுகளும் நூலகத் தரவுத்தளங்களும். எந்தப் பேராசிரியரின் கணக்கானாலும் அந்த வாசல் திறந்துவிடும்.

ஆய்வாவது அறிவுச் சொத்து, போகட்டும். சம்பளம்? 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத்தையே திருப்பிவிட்ட ஒரு கும்பலை விவரிக்கிறது. போலி நுழைவுப் பக்கத்தில் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே போய் சம்பளம் சேரும் வங்கிக் கணக்கை மாற்றினார்கள். "உங்கள் வங்கி விவரம் மாற்றப்பட்டது" என்ற அறிவிப்பு ஊழியரின் கண்ணில் படாதபடி, அந்த மின்னஞ்சல்கள் தானாக அழிய இன்பாக்ஸில் ஒரு விதியை எழுதி வைத்தார்கள். சில கணக்குகளில் தங்கள் போன் எண்ணையே இரண்டாம் அடுக்காகச் சேர்த்தும் கொண்டார்கள். பூட்டைப் போட்டது நாம், மாற்றுச்சாவி அவர்களிடம்.

ஆகவே பாதுகாப்புப் பக்கத்தில் பதிவாகியிருக்கும் எண்களையும் கருவிகளையும் அமைத்த அன்று ஒரு தடவை பார்த்ததோடு விடக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். கூடவே மின்னஞ்சல் விதிகளையும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தால் அதை நீக்குவதோடு நிற்காமல், அன்றே பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, கணினிப் பிரிவுக்கும் சம்பளப் பிரிவுக்கும் சொல்லிவிடுங்கள்.

தள்ளிப்போடுவதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல அமைப்புகளில், இரண்டாம் அடுக்கு இன்னும் பதிவாகாத கணக்குக்குள் பாஸ்வேர்டோடு முதலில் யார் நுழைகிறார்களோ, அவர்களிடமே "உங்கள் போனைப் பதிவு செய்யுங்கள்" என்று கேட்கும். அந்த முதல் ஆள் நீங்களாக இல்லாவிட்டால்? 2021இல் ஓர் அரசு சாரா அமைப்பில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. வெகுநாள் பயன்படுத்தாததால் பதிவு நீங்கிப்போன ஒரு பழைய கணக்கில், ரஷ்ய அரசு சார்ந்த ஊடுருவாளர்கள் தங்கள் கருவியைப் பதிந்துகொண்டு உள்ளே போனதாக மறு ஆண்டு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயும் இணையப் பாதுகாப்பு முகமையான சிசாவும் எச்சரித்தன. நீண்ட விடுப்பில் போகிறவர்களும், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை மூட மறக்கும் துறை அலுவலகங்களும் இதை மனதில் வைப்பது நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது

எஸ்எம்எஸ் வழிதான் எல்லோருக்கும் பழகியது, அதனால் யோசிக்காமல் அதையே தேர்ந்தெடுக்கிறோம். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அது உங்கள் போனைச் சார்ந்ததல்ல, உங்கள் எண்ணைச் சார்ந்தது. எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ள ஒருவனால் முடிந்தால் ஓடிபி அவனுக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டார்சியின் எண்ணையே யாரோ கைப்பற்றி, எஸ்எம்எஸ் வழியாக அவர் கணக்கில் பதிவு போட்டார்கள். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017இன் வழிகாட்டுதலிலேயே இந்த வழியைக் கட்டுப்பாட்டுக்குரியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இன்னொரு சாதாரணச் சங்கடமும் உண்டு: வெளிநாட்டில் இறங்கி உள்ளூர் சிம் போட்டதும் எஸ்எம்எஸ் வராது. பழைய எண்ணைக் கைவிட்டால், சில காலம் கழித்து அது வேறொருவருக்குப் போய்விடும்.

அலுவலக மேசைத் தொலைபேசியைப் பதிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அழைப்பு வரும், ஓர் எண்ணை அழுத்தினால் உள்ளே போகலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் அந்தத் தொலைபேசி காலி அறையில் மணியடித்துக்கொண்டிருக்கும். அறை காலியாக இல்லையென்றால் இன்னும் மோசம், யார் வேண்டுமானாலும் எடுத்து அழுத்தலாம்.

நுழைவதற்கான எண்ணைப் போனிலேயே உருவாக்கிக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி இவற்றைவிட நல்லது. நீங்கள் ஸ்கேன் செய்யும் க்யூஆர் கோடுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, உங்கள் போனும் பல்கலைக்கழகச் சர்வரும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை புதிய ஆறிலக்க எண் வரும். 2011இல் வெளியான ஒரு பொதுத் தரம் இது, அதனால்தான் எந்த நிறுவனத்தின் செயலியும் பெரும்பாலும் எந்தத் தளத்துக்கும் பொருந்துகிறது. இந்தக் கணக்குக்கு இணையம் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் ஆய்வகத்திலும் விமானத்திலும் எண் வந்துவிடும்.

இது புரிந்தால் இரண்டு தவறுகள் தாமாகவே விலகும். எண் சரியாக இருந்தும் "தவறான குறியீடு" என்று வந்துகொண்டே இருந்தால், போனில் நேரம் சில நிமிடங்கள் பிசகியிருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி நேரத்தை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், "பிறகு உதவுமே" என்று அந்த க்யூஆர் கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். அது சாவியின் நகல். உங்கள் போட்டோக்கள் எங்கெல்லாம் தானாகப் பதிவேறுகின்றனவோ அங்கெல்லாம் அந்தச் சாவியும் போகும்.

செயலியைக் கடையில் பெயர் போட்டுத் தேடி முதலில் வருவதை இறக்குவதும் கூடாது. ஒரே மாதிரிப் பெயரும் சின்னமுமாகப் பல இருக்கின்றன, சில சந்தா கேட்கும், சில அதைவிட மோசம். பல்கலைக்கழகத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும் இணைப்பையே பயன்படுத்துங்கள்.

"என் சொந்தப் போனில் அலுவலகச் செயலி எதற்கு?" என்று கேட்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எண் காட்டும் செயலி உங்கள் குறுஞ்செய்திகளையோ படங்களையோ படிக்கத் தேவையில்லை. ஆனால் அமைக்கும்போது போனையே நிர்வகிக்கும் உரிமையை அது கேட்டால் விஷயம் வேறு, நிறுத்திவிட்டு விசாரியுங்கள். சொந்தப் போன் வேண்டாம் என்றால் கணினியில் செருகி நுழையும், சாவிக்கொத்தில் மாட்டும் சிறு கருவியான செக்யூரிட்டி கீயைக் கேட்டுப் பெறலாம். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே உறுதியான வழி. செயலி காட்டும் ஆறிலக்க எண்ணை நீங்கள் போலிப் பக்கத்திலும் தட்டச்சு செய்துவிடலாம். அந்தப் பக்கம் அதே விநாடியில் உண்மையான தளத்துக்கு அதைக் கடத்திவிடும். செக்யூரிட்டி கீயும், பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ சேமிக்கப்படும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயும் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டவை. முகவரி ஓர் எழுத்து மாறினாலும் அவை பதில் சொல்லாது. நம் கண் ஏமாந்தாலும் அவை ஏமாறுவதில்லை. வாங்குவதானால் இரண்டாக வாங்கி இரண்டையும் பதிந்து, ஒன்றை வீட்டில் வைத்துவிடுங்கள்.

நச்சரிப்புக்கு இணங்குவது

பல பல்கலைக்கழகங்களில் போனில் ஓர் அறிவிப்பு வரும், 'அனுமதி' என்று தொட்டால் போதும். வசதியானதுதான், ஆனால் விரல் பழகிவிடும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவன் ஓர் ஒப்பந்த ஊழியரின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றான். ஒவ்வொரு முறையும் ஊழியரின் போனுக்கு அறிவிப்பு போனது. கடைசியில் ஒன்றை அவர் அனுமதித்துவிட்டார். இந்த மாதிரித் தொல்லை பெருகியதால்தான், திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச்சு செய்யும் முறையை 2023 மேயில் மைக்ரோசாஃப்ட் தன் ஆத்தென்டிகேட்டரில் கட்டாயமாக்கியது.

நீங்கள் நுழையாதபோது அறிவிப்பு வந்தால் அர்த்தம் பெரும்பாலும் ஒன்றுதான்: உங்கள் பாஸ்வேர்ட் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது. மறுத்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள்.

உதவியாளருக்குச் சொல்லும் ஓடிபி

பல்கலைக்கழகங்களுக்கே உரிய வியாதி இது. துறைத்தலைவரின் பாஸ்வேர்ட் அலுவலக உதவியாளரிடம் இருக்கும், பேராசிரியரின் பாஸ்வேர்ட் ஆய்வு மாணவரிடம் இருக்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு வந்ததும் இந்தப் பழக்கம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, போனுக்கு மாறிக்கொண்டது. "சார், இப்போ ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க." அவரும் கூட்டத்தின் நடுவே மெல்லிய குரலில் படித்துச் சொல்வார்.

உதவியாளர் நம்பகமானவராகவே இருக்கலாம், பிரச்சினை அவரல்ல. போனில் ஒருவர் கேட்டால் எண்ணைச் சொல்வது என்ற வழக்கம் பேராசிரியருக்குப் பதிந்துவிடுகிறது. நாளை "ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து பேசுகிறேன்" என்று ஒரு குரல் கேட்டாலும் அதே வாய் அதே எண்ணைச் சொல்லும். உண்மையான ஹெல்ப்டெஸ்க்குக்கு உங்கள் ஓடிபி ஒருபோதும் தேவைப்படாது. உதவியாளரின் போனையே இரண்டாம் அடுக்காகப் பதிந்து வைக்கும் துறைகளும் உண்டு. அவர் இடமாற்றலாகிப் போகும்போது சாவியும் கூடவே போய்விடும்.

இதற்கு முறையான வழி ஏற்கெனவே இருக்கிறது. அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் உங்கள் அஞ்சல்பெட்டியை இன்னொருவர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே பார்த்துப் பதில் எழுத அனுமதி கொடுக்கலாம். துறை அலுவலகத்தின் பொது முகவரிக்கு, பாஸ்வேர்டே இல்லாத பகிர்வு அஞ்சல்பெட்டியைக் கேட்டு வாங்கலாம். கணினிப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். யார் எதை அனுப்பினார்கள் என்ற தடமும் பெரும்பாலும் மிஞ்சும். பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் அந்தத் தடம் உதவியாளரையும் சேர்த்தே காப்பாற்றும்.

வகுப்பறை மேடையில் இருக்கும் பொதுக் கணினியில் "இந்தக் கருவியை நினைவில் வை" என்பதை டிக் செய்வதும் இதே வகைதான். அடுத்த வகுப்புக்கு வருகிறவருக்கு உங்கள் இரண்டாம் அடுக்கைப் பரிசாகக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

போன் மாறும் நாள்

இதில் நானும் மாட்டியிருக்கிறேன். புதுப் போன் வந்த உற்சாகத்தில் பழையதை முழுக்க அழித்துவிட்டு, புதியதில் ஆத்தென்டிகேட்டரைத் திறந்தேன். பட்டியல் காலி. படங்களும் தொடர்புகளும் அழகாக வந்து சேர்ந்திருந்தன, சாவிகள் மட்டும் வரவில்லை. போன் கையில் இல்லாதபோது நுழைவதற்காக முன்பே தரப்படும் பேக்கப் கோடுகள் இருந்தன, எந்த மின்னஞ்சலுக்குள் நுழைய முடியவில்லையோ அதே மின்னஞ்சலின் வரைவில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவன் நான். அடையாள அட்டையோடு கணினிப் பிரிவில் வரிசையில் நின்றுதான் மீண்டேன்.

கூகுள் ஆத்தென்டிகேட்டரில் சாவிகளைக் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. எல்லாச் செயலியும் அப்படிச் செய்வதில்லை, செய்கிற செயலியிலும் அது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இயங்கினால், உங்கள் தனிப்பட்ட கணக்கு இப்போது அலுவலகக் கணக்கின் சாவியையும் வைத்திருக்கிறது. அதற்கும் இரண்டடுக்கு வேண்டும். பாஸ்வேர்டை மீட்க நீங்கள் கொடுத்திருக்கும் பழைய தனிப்பட்ட மின்னஞ்சலுக்கும் இதே பேச்சுதான்.

வரிசை இதுதான்: புதுப் போனில் சேர்த்து, அதைக் கொண்டு ஒருமுறை நுழைந்து பார்த்து, பழைய போனைப் பட்டியலிலிருந்து நீக்கி, அதற்கப்புறம் அழியுங்கள். பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, சான்றிதழ்கள் இருக்கும் கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு கோடும் ஒருமுறைதான் செல்லும், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள்.

அமைக்கும் பக்கத்தை மூடுவதற்கு முன் இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, உலாவியில் தனி உலாவல் (இன்காக்னிட்டோ) சாளரம் ஒன்றைத் திறந்து, போன் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழைய முயலுங்கள். பேக்கப் கோடோ இரண்டாவது கீயோ உங்களை உள்ளே விட்டால் பக்கத்தை மூடலாம். விடவில்லை என்றால், பழைய சாளரம் இன்னும் திறந்துதான் இருக்கிறது, அங்கேயே சரிசெய்துகொள்ளலாம்.