செம்மண் ஊரில் கார் பராமரிப்பு: பேட்டரி முதல் பம்பர் வரை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பல வீடுகளில் கார் வருஷத்தின் பெரும்பகுதி ஷெட்டிலேயே நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், கோயில் திருவிழா என்று வந்தால் ஒரு வாரம் ஓயாமல் ஓடும், பிறகு மறுபடி நின்றுவிடும். ஓடி ஓடித் தேய்கிற காருக்காக எழுதிய சர்வீஸ் அட்டவணை இந்தக் காருக்குப் போதாது. நின்று கிடப்பது, செம்மண் புழுதி, உப்புப் படியும் போர்த் தண்ணீர் இந்த மூன்றையும் கவனித்தால் செலவு குறையும்.

நிறுத்திவிட்டுப் போகும்போது

முதலில் பேட்டரி. சாவியை எடுத்த பிறகும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 ஆம்பியர்-ஹவர் போகும். சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இந்தக் கணக்கில் 17, 18 நாளில் பாதியாகிவிடும். பாதிக்குக் கீழே இறங்கி அப்படியே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்படும். அதற்குப் பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி திரும்பாது.

இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் நெகட்டிவ், அப்புறம்தான் பாசிட்டிவ். மாட்டும்போது தலைகீழாக, பாசிட்டிவ் முதலில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் திருகினால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியே ஷார்ட் ஆகும். நெகட்டிவை மட்டும் கழற்றி, முனையில் துணி சுற்றி ஒதுக்கி வைத்தாலே காருக்குப் போதும். மறுபடி மாட்டியதும் கடிகாரத்தையும், ஆட்டோ பவர் விண்டோ இருந்தால் அதையும் திரும்பச் செட் செய்ய வேண்டியிருக்கும்.

மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, மெல்லிசாக வாஸ்லைன் தடவுங்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. பேட்டரியையும் துருவையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1948-லிருந்து இருக்கிற காரைக்குடியிலேயே இன்னும் சிலர் கேன் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தத் தண்ணீரில் உள்ள உப்புகள் தகட்டைத் தின்றுவிடும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் “வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இதில் கெடுதல்தான் அதிகம். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டே அந்த ஐந்து நிமிஷத்தில் சரியாகத் திரும்பாது. சூடேறாத சைலன்சரில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். நம்பிக்கையான டிரைவர் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஏசியையும் போட்டு, அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போய்த் திரும்பினால் தாராளமாகப் போதும். ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம், டெர்மினலைக் கழற்றி வைப்பதே நல்லது.

ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் விட்டால், ஈரக்காலத்தில் பின் சக்கர ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயரில் வழக்கத்தைவிட 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று பிடியுங்கள், திரும்பி வந்ததும் குறைத்துவிட வேண்டும். குறைவாக ஓடும் காரில் டயர் பட்டன் தேயாது, ரப்பர்தான் செத்துப்போகும். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் தயாரித்தது. ஐந்தாறு வருஷம் தாண்டி, பக்கவாட்டில் முடி போல வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். சித்திரை வெயிலில் திருச்சி ரோட்டில் வெடிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி டயர்தான்.

இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். 10,000 கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் 12 மாதத்தில் மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

எலி

நெல், பருப்பு, கருப்பட்டி இருக்கும் பின்கட்டுக்குப் பக்கத்தில் ஷெட் இருந்தால் எலி வரும். பானெட்டுக்கு அடியில் இருட்டும் மெத்தையும் இருப்பதால் அங்கேதான் கூடு கட்டும். ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தால் வேப்பங்கொட்டைக் குவியல் கிடப்பது இங்கே சகஜம். பூட்டிய ஷெட்டாக இருந்தால் பானெட்டைத் திறந்தே வையுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் எலிக்கு அந்த இடம் பிடிக்காது. புளோயர் காற்று இழுக்கும் வாயில் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள ஸ்டீல் வலையை வெட்டி வைத்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கொசுவலையைக் கடித்துவிடும். காருக்குள் எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள். தின்ற எலி ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். எலிப்பொறியை ஷெட் மூலையில் வையுங்கள். நாப்தலின் உருண்டையை வைப்பரின் அடியில் போடக் கூடாது, புளோயர் அந்த நெடியை அப்படியே உள்ளே இழுக்கும்.

கழுவுவது

செம்மண் புழுதியில் பொடி மணல் கலந்திருக்கும். காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். காலையில் டிரைவர் இறகுக் கட்டையால் தட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

முதலில் கூரையிலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்குங்கள். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 மில்லி கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோபைபர் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளியில் விட வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம், வாக்ஸை உரித்துவிடும்.

போர்த் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். காலை 7 மணிக்குள் கழுவி, பகுதி பகுதியாக உடனே துடையுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைத் தண்ணீரோ காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரோ போதும். கண்ணாடியில் புள்ளி ஏற்கெனவே பிடித்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு நிமிஷம் ஊறவிட்டுத் துடைத்து, நன்றாக அலசுங்கள். வைப்பர் தண்ணீர்த் தொட்டியிலும் ரேடியேட்டரிலும் போர்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. கூலன்டைக் கலந்தே விற்பதை வாங்கினால் பிரச்சினையே இல்லை.

கவரைக் கழுவிக் காய்ந்த காருக்குத்தான் போட வேண்டும். புழுதியோடு போட்டால் காற்றில் கவர் ஆட ஆடப் பெயின்ட் தேயும். புறா எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு வைத்து எடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கதவைத் திறந்து அடி விளிம்பைத் தடவிப் பார்த்தால் சின்னச் சின்னத் துளைகள் தட்டுப்படும். கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறுவது அதன் வழியாகத்தான். செம்மண் சேறு காய்ந்து அதை அடைத்திருக்கும். ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் கட்டிச் சேறு பொலபொலவென்று விழும். கம்பி வேண்டாம், பெயின்டைக் கீறும். முன் கண்ணாடிக்குக் கீழே வேப்பிலை மண்டியிருந்தால் அதையும் அள்ளுங்கள். சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசல் அடித்துக் கொடுப்பதை மறுத்துவிடுங்கள். புஷ் ரப்பர்கள் ஊதிக் கெடும், புழுதியும் அதிலேயே ஒட்டும்.

ஏர் பில்டரை மேனுவல் சொல்வதில் பாதித் தூரத்திலேயே திறந்து பாருங்கள். தட்டி, உள்பக்கத்திலிருந்து வெளியே மெதுவாகக் காற்றடிக்கலாம். காகித பில்டரைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. ஏசி குளிர் குறைந்தால் கேஸ் போடச் சொல்வதற்கு முன் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் பில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

பூஜையும் அலங்காரமும்

பிள்ளையார்பட்டியில் புது வண்டிக்குப் பூஜை போடும்போது சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பெயின்டில் குங்குமச் சாயம் இறங்கினால் போவது கஷ்டம். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டுங்கள்.

சீட் கவர் வாங்குமுன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் லேபிள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தில் பிரியும் தையல் உள்ள கவர் மட்டுமே. ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் பல்பு போட்டால் 60/55-க்கு உள்ள ஹோல்டர் உருகும். சன் பிலிம் ஒட்டினால் முன், பின் கண்ணாடியில் குறைந்தது 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் வர வேண்டும் என்பது விதி. கழற்றி மாட்டும் வெயில் தடுப்பு அட்டை நிறுத்தும் நேரத்துக்குப் போதும். ஓட்டுபவர் காலடியில் மேட்டுக்கு மேல் மேட் போட வேண்டாம், ஆக்ஸிலரேட்டரில் மாட்டிக்கொள்ளும்.

முன் பம்பரில் இரும்புத் தடுப்புக் கார்டு வேண்டவே வேண்டாம். மோதலின் விசை சென்சாருக்கும் பாடிக்கும் சரியாகப் போகாது, ஏர்பேக் நேரத்துக்கு விரியாமல் போகலாம், எதிரே வரும் சைக்கிள்காரருக்கும் ஆபத்து. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன்மேல் நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, போல்ட் போட்ட துளைகளில் துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து ரப்பர் மூடி போடுங்கள்.