கையுறை போட்டும் துணி வழுக்குகிறதா? ஃப்ரீ மோஷன் குயில்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரீ மோஷன் குயில்டிங் (அடுக்கிய துணியை மெஷினில் கையாலேயே நகர்த்தி, விரும்பிய வடிவில் சேர்த்துத் தைப்பது) பழகத் தொடங்கியதும் பலர் முதலில் வாங்குவது ஒரு ஜோடி கையுறை. வாங்குவது நல்லதுதான். ஆனால் அதை மாட்டிக்கொண்ட பிறகு, முன்பைவிட அழுத்தமாகத் துணியைப் பிடிக்கிறார்கள். கையுறை இருப்பது நாம் குறைவாக அழுத்துவதற்காக. இந்த ஒன்று மனதில் பதிந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே உள்ள பல் துணியைத் தள்ளிக்கொண்டு போகும். ஃப்ரீ மோஷனில் அந்தப் பல்லை இறக்கிவிடுகிறோம். மேல்துணி, நடுவில் பேட்டிங் எனும் பஞ்சு அடுக்கு, அடித்துணி என மூன்று அடுக்கையும் நம் கைதான் நகர்த்த வேண்டும். மெஷின் நிமிடத்துக்கு 600 தையல் போடுகிறது, உங்களுக்கு அங்குலத்துக்கு 10 தையல் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கை நொடிக்கு ஓர் அங்குலம், ஒரே சீராக நகர வேண்டும். காய்ந்த விரல் பருத்தித் துணிமேல் வழுக்கினால் அந்த இடத்தில் தையல்கள் குட்டையாகிக் குவிந்துவிடும். சட்டென்று பிடி கிடைத்துத் துணி இழுபட்டால் நீளத் தையல் விழும்.

நம் ஊரில் மெஷின் எம்பிராய்டரி போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணியை வளையத்தில் இறுக்கி, அந்த வளையத்தைப் பிடித்தே ஓட்டுவார்கள். குயில்டில் அந்த வளையத்தின் வேலையை நம் இரண்டு உள்ளங்கைகள் செய்கின்றன. ஊசிக்கு இருபுறமும் சில அங்குல இடைவெளி விட்டு, கைகளைத் தட்டையாக வையுங்கள். நடுவில் உள்ள துணி சுருக்கமில்லாமல் விரிந்திருக்கட்டும். துணியை முஷ்டிக்குள் சுருட்டிப் பிடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அப்படிப் பிடித்தால் அரை மணி நேரத்தில் தோளும் கழுத்தும் வலிக்க ஆரம்பித்துவிடும். மெஷின் ஓடும்போதே கையை எடுத்து வேறு இடத்தில் வைப்பது அடுத்த தவறு. கோடு கோணுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் மெஷினை நிறுத்தி, கையை இடம் மாற்றி, அப்புறம் தொடருங்கள்.

சரி, எந்தக் கையுறை? மெல்லிய பின்னல் நைலானில், விரல் நுனிகளில் மட்டும் பாலியூரித்தேன் அல்லது நைட்ரைல் பூச்சு உள்ளது போதும். குயில்டிங் கையுறை என்று தனியாக விற்பதற்கும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பூச்சுக் கையுறைக்கும் பிடிமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் அனுபவம். தோட்ட வேலைக்கான தடித்த கையுறை வேண்டாம். துணிக்குள் மறந்துபோன ஊக்கு கூட அதில் தட்டுப்படாது. விரல் நுனியில் தொளதொளவென்று இருப்பது இன்னும் ஆபத்து, துணியை மேலிருந்து அழுத்தும் ஃபுட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். மருத்துவ ரப்பர் கையுறையில் பிடி நன்றாகக் கிடைக்கும். ஆனால் நம் வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே வியர்த்து ஊறிவிடும், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. நூல் கோக்க ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றுவது எரிச்சலாக இருந்தால், ஒரு கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டு ஓரத்தை மடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நல்ல கையுறை போட்டாலும் குயில்ட் நகர மறுக்கிறது என்றால், கோளாறு கையில் இல்லை. மேலே பிடிமானம் வேண்டும், கீழே வழுக்கல் வேண்டும். கீழே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் மேலும் மேலும் பிடிமானத்தைத் தேடுவதுதான் பெரிய தவறு. பெரிய குயில்டின் ஒரு மூலை மேசையிலிருந்து தொங்கினாலே போதும், அந்த எடை முழுவதும் ஊசியின் இடத்தில் இழுக்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊசியையும் ஃபுட்டையும் தூக்கிவிட்டு, ஒரு கையால் குயில்டை லேசாகத் தள்ளுங்கள். தயங்கி நகர்ந்தால் எங்கே தொங்குகிறது, எது மேசை விளிம்பில் சிக்குகிறது என்று தேடுங்கள். இடப்பக்கமும் மெஷினுக்குப் பின்னாலும் ஒவ்வொரு மேசை போட்டு, துணியை மேடு மேடாகக் குவித்து வைத்தால் இழுப்பு பெருமளவு குறையும்.

ஊசி இறங்க ஓட்டை விட்டு மெஷின் தளத்தில் விரிக்கும் டெஃப்லான் வழுக்குத் தாளும் நன்றாக உதவும். ஆனால் அதன் ஓரங்களை டேப் போட்டு ஒட்டாமல் விட்டுவிடாதீர்கள். என் இரண்டாவது குயில்டில் தாள் மெல்ல நகர்ந்து ஊசிக்கு அடியில் வந்துவிட்டது. தாளையும் சேர்த்துத் தைத்த பிறகுதான் கவனித்தேன். அத்தனை தையலையும் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது, தாளும் வீண். இப்போது குயில்டைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அடியில் விரல் விட்டுப் பார்த்துவிடுகிறேன். தாளின் அடிப்பக்கம் பிசின் போன்ற தன்மை உள்ளது என்றால் அதில் பஞ்சுத் தூசு ஒட்டி, பிடி போய்விடும். தண்ணீரில் அலசிக் காயவைத்தால் மறுபடி ஒட்டும். தளத்தில் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிப்பதை நான் சொல்லமாட்டேன், துணியில் கறை படிய வாய்ப்புண்டு.

கையுறையே பிடிக்காதவர்களுக்கு, பணம் எண்ணும்போது மாட்டும் ரப்பர் விரலுறை மலிவான மாற்று. ஒரு கைக்கு இரண்டு விரல் போதும். விரலுக்குப் பொருந்தும் அளவாக வாங்குங்கள், இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும். கையில் கிரீம் தடவிக்கொண்டு தைப்பவர்களும் உண்டு. அது தோலில் முழுவதும் ஊறும் முன் வெளிர்நிறத் துணியைத் தொட்டால் எண்ணெய்க் கறை விழும். துணிமேல் வைத்து நகர்த்தும் கனமான வளையங்கள் சிறிய வடிவங்களுக்கு வசதி. தடித்த தையல் மடிப்புகள் உள்ள இடத்தில் அவை இடறும்.

கையுறை புதிதில் நன்றாகப் பிடித்தது, இப்போது வழுக்குகிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் தூசும் வியர்வையும் படிந்திருக்கும். மிதமான சோப்பில் கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பூச்சின்மேல் படிந்து பிடியைக் குறைத்துவிடும். உலர்ந்ததும் அதே துணி, அதே பேட்டிங் வைத்த ஓர் அடிச் சதுரத்தில் ஐந்து நிமிடம் வளைவுகளாக ஓட்டிப் பார்த்த பிறகு பெரிய குயில்டுக்குப் போங்கள்.