டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜன் ஏறினால் என்ன செய்வது

டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பலர் தேட ஆரம்பிப்பது ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரையைத்தான். ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான எஸ்ட்ராடியால் சற்று ஏறியிருக்கும், இன்ன எண்ணுக்கு மேல் போகவே கூடாது என்று யாரோ எங்கோ எழுதியிருப்பார், பயம் பிடித்துக்கொள்ளும். அவசரப்படாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் கூடினால் எஸ்ட்ராடியாலும் கூடத்தான் செய்யும். அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை எஸ்ட்ராடியாலாக மாற்றிக்கொண்டே இருக்கிறது, அதிலும் கொழுப்புத் திசுவில் இந்த வேலை நிறையவே நடக்கும்.

அந்த எஸ்ட்ராடியால் ஆணுக்கும் வேண்டும். 1994-ல் மருத்துவ இதழ் ஒன்றில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோன் அவருக்குச் சரியாகவே இருந்தது, ஆனால் மரபணுக் கோளாறால் ஈஸ்ட்ரோஜன் உடம்பில் வேலை செய்யவில்லை. அந்த வயதிலும் எலும்பு முனைகள் மூடாமல் வளர்ந்துகொண்டே இருந்தார், எலும்போ அடர்த்தி இல்லாமல் பலவீனமாக இருந்தது. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வில் ஆண்களின் சொந்த ஹார்மோன் சுரப்பை நிறுத்திவிட்டு, டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லை வெவ்வேறு அளவில் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்தார்கள். தசையும் வலுவும் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பொறுத்தே இருந்தன. உடல் கொழுப்பு கூடியதற்கோ ஈஸ்ட்ரோஜன் குறைந்ததுதான் முக்கியக் காரணமாக இருந்தது, பாலியல் ஆர்வம் குறைந்ததிலும் அதற்குப் பங்கு இருந்தது. எதற்காகச் சிகிச்சைக்குப் போனோமோ அதையே மாத்திரை போட்டுக் கெடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது என்பது புரிகிறதா?

சரி, முதலில் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள். சாதாரண எஸ்ட்ராடியால் டெஸ்ட் பெண்களின் அளவுகளை மனதில் வைத்து உருவானது, ஆண்களிடம் இருக்கும் குறைந்த அளவில் அது தடுமாறும். குறைந்த அளவையும் துல்லியமாக அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்கிறார்களா என்று லேபில் கேளுங்கள். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், சில டெஸ்ட்களின் முடிவை அது மாற்றிவிடும். அலகையும் பாருங்கள். ஒரு லேபில் மில்லிலிட்டருக்கு 30 பிகோகிராம் என்று வருவது வேறு லேபில் லிட்டருக்கு ஏறத்தாழ 110 பிகோமோல் என்று வரும், இரண்டும் ஒன்றுதான், இது தெரியாமல் அளவு மூன்று மடங்காகிவிட்டது என்று தூக்கம் கெட்டவர்கள் உண்டு. பெரும்பாலான லேப்கள் ஆண்களுக்குச் சுமார் 10 முதல் 40 பிகோகிராம் வரை இயல்பு என்று போடும். சிகிச்சையில் இருப்பவருக்கு அதற்குச் சற்று மேலே போய், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், அந்த எண்ணுக்காக மட்டும் மருந்து தேவைப்படாது. ரத்தம் கொடுக்கும் நேரமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஊசி போட்ட இரண்டாம் நாள் ஒரு தடவை, அடுத்த ஊசிக்கு முந்தின நாள் ஒரு தடவை என்று எடுத்தால் அந்த இரண்டு எண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அறிகுறிகளில்தான் பெரிய குழப்பம். மார்புக் காம்பில் கூச்சம், வலி, அதன் அடியில் கட்டி மாதிரி தட்டுப்படுவது, கால் வீக்கம் இதெல்லாம் ஈஸ்ட்ரோஜன் அதிகமானதைக் காட்டலாம். மூட்டு வலி, திடீர் உடல் சூடு, ஆர்வமின்மை இதெல்லாம் குறைந்துபோனதால் வரலாம். ஆனால் எரிச்சல், சோர்வு, விறைப்புக் குறைபாடு இரண்டிலும் வரும், இரண்டுமே இல்லாமல் வேறு காரணத்தாலும் வரும். அதனால் 'எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஏறிவிட்டது, எனக்கே தெரிகிறது' என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

உண்மையிலேயே அளவும் அதிகம், தொந்தரவும் இருக்கிறது என்றால் முதலில் கை வைக்க வேண்டியது டெஸ்டோஸ்டிரோன் டோஸில். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் சிப்பியோனேட் அல்லது எனாந்தேட் வகை டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவருக்கு, ஊசி போட்ட சில நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் உச்சிக்குப் போய்விட்டு அப்புறம் சரியும், உச்சியில் இருக்கும்போது எஸ்ட்ராடியாலும் கூடவே ஏறும். அதையே வாரம் 100, அல்லது வாரத்தில் இரண்டு முறை 50 என்று பிரித்தால் மொத்த அளவு மாறாமலே ஏற்ற இறக்கம் குறைகிறது, பலருக்குத் தொந்தரவும் அதோடு அடங்கிவிடும். டெஸ்டோஸ்டிரோனே தேவைக்கு மேல் இருந்தால் டோஸைக் குறைப்பதுதான் வழி. எதுவானாலும் மருத்துவரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு ஆறு வாரமாவது பொறுத்துத்தான் மறுபடி டெஸ்ட், அதற்குள் பார்த்தால் அளவு இன்னும் நிலைபெற்றிருக்காது.

கூடவே எச்.சி.ஜி. ஊசியும் போடுகிறீர்களா? அது விரைகளைத் தூண்டி அங்கேயும் எஸ்ட்ராடியாலைக் கூட்டும், அதன் அளவையும் கவனியுங்கள். சிறுநீரைக் கூட்டும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் தனியாகவே மார்பு வீக்கம் தரும். தொப்பை குறைந்தால் அரோமடேஸும் குறையும், நிதானமாகத்தான் பலன் தெரியும் என்றாலும் நிலைத்து நிற்கும். கல்லீரல்தான் ஈஸ்ட்ரோஜனைக் கழிக்கிறது என்பதால் குடியையும் குறையுங்கள். ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பதாக விற்கும் சப்ளிமென்ட்களுக்கு வலுவான ஆதாரம் இல்லை, காசை மிச்சப்படுத்துங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் அனஸ்ட்ரோசோல், அதாவது அரோமடேஸைத் தடுத்து ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் அந்த மாத்திரை. பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து அது, தினம் ஒரு மில்லிகிராம் என்பது அவர்களின் டோஸ். டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் மருத்துவர்கள் சிலர் தங்கள் பொறுப்பில்தான் எழுதுகிறார்கள், எழுதினாலும் மிகக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஓரிரு முறை, குறுகிய காலத்துக்கு. உடம்பில் பாதி குறையவே சுமார் இரண்டு நாள் ஆகும் என்பதால், தினமும் விழுங்கினால் மருந்து மேல் மருந்தாகச் சேர்ந்து எஸ்ட்ராடியால் அடிமட்டத்துக்குப் போய்விடும். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால் எலும்பு தேயும், வலி எதுவும் இல்லாமலே தேயும். பிரச்சினை மார்பில் மட்டும்தான் என்றால் டாமாக்சிஃபென் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கலாம், அது மார்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதை மட்டும் தடுக்கிறது, ரத்தத்தில் இருக்கும் அளவைக் குறைக்காது. ஆனால் ரத்தக் கட்டி உருவாகும் அபாயம் அதற்கு உண்டு, முன்பே அப்படி வந்தவர்கள் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மார்பு வீக்கத்தில் மட்டும் தாமதம் வேண்டாம். புதிதாக வந்த வீக்கம் மருந்துக்கு அடங்கும், ஒரு வருடம் போல் தங்கிவிட்டால் திசு இறுகிப்போய் அறுவை சிகிச்சை ஒன்றுதான் மிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் கல் போலக் கட்டி, காம்பிலிருந்து ரத்தம், தோல் உள்ளிழுத்தல் என்று எதைக் கண்டாலும் ஹார்மோன் கணக்கையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள், ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.