ஐரிஷ் பெயர் வைக்கப் போகிறவர்கள் உச்சரிப்பில் செய்யக் கூடாத தவறுகள்

குழந்தைக்கு ஐரிஷ் பெயர் வைக்க நினைப்பவர்கள், அயர்லாந்தில் குடியேறிய நம்மவர்கள் உட்பட, எடுத்த எடுப்பில் கேட்பது "இதற்குச் சரியான உச்சரிப்பு எது?" என்றுதான். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஐரிஷ் மொழிக்கு 1958-ல் அரசு ஒரு தரத்தை வெளியிட்டது, ஆனால் அது எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் மட்டும்தான். பேச்சில் தெற்கே மன்ஸ்டர் (கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு), மேற்கே கொனாக்ட் (கால்வே, மேயோ), வடக்கே அல்ஸ்டர் (டொனகால்) என்று மூன்று பெரிய வழக்குகள் உண்டு, மூன்றும் சம அந்தஸ்து உள்ளவை. டப்ளின் தலைநகரம் என்பதால் அங்கே சொல்வதுதான் தரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம் என்றும் ஆகிவிடாது. ஊருக்கு ஊர் மாறுவது எது, எங்குமே மாறாதது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாறாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் மாதிரி வாசிக்காதீர்கள். ஐரிஷில் 'சி' எப்போதும் க-தான்: கீரா, கில்லியன், கீயன். கீராவை அமெரிக்காவில் பலர் சியேரா என்று வாசிப்பார்கள், ஒரு பிரபலப் பாடகியின் பெயரும் அப்படித்தான் ஒலிக்கிறது, ஆனால் அது ஐரிஷ் வட்டாரப் பேச்சு அல்ல, வேறு பெயர் என்றே சொல்லலாம். 'எஸ்'-க்குப் பக்கத்தில் 'ஐ' அல்லது 'இ' வந்தால் ஷ: ஷினேட், ரோஷீன். 'பி-ஹெச்' (bh), 'எம்-ஹெச்' (mh) வந்தால் வகர ஒலி. உயிரெழுத்துக்குப் பின் வரும் 'டி-ஹெச்' (dh) பெரும்பாலும் காணாமல் போய்விடும், அதனால்தான் 2021-ல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர், எழுத்தில் 'எஃப்-ஐ-ஏ-டி-ஹெச்' என்று இருந்தாலும், வாயில் வெறும் ஃபீயா.

வட்டார வேறுபாடு இதற்கு மேல்தான் தொடங்குகிறது. அந்த வகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் 'ஏ', 'ஓ', 'யு' இருந்தால் அது வன்மையான வகை. அதை மன்ஸ்டரில் மேல்பல் கீழுதட்டில் படும்படி சொல்வார்கள், கொனாக்டிலும் அல்ஸ்டரிலும் பெரும்பாலும் பல் படாமல் உதட்டைக் குவித்துச் சொல்வார்கள். ஷிவான் என்ற பெயரைக் கண்ணாடி முன்னால் இரண்டு விதமாகவும் சொல்லிப் பாருங்கள்: பல் பட்டால் தெற்கு, உதடு குவிந்தால் மேற்கு அல்லது வடக்கு. வடக்கே அந்தக் குவிப்பு முன்னால் இருக்கும் இகரத்தையும் இழுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஷூவன் ஆகிவிடும். தமிழில் நாம் இரண்டையும் ஒரே 'வ'-வால் எழுதுகிறோம், நம் வாயின் வ இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது, ஆகவே தமிழில் எழுதிவைத்ததை மட்டும் நம்பிப் பழகினால் இந்த வேறுபாடு காதிலேயே விழாது. நீவ் என்று பரவலாகச் சொல்லப்படும் பெயரும் இப்படித்தான்: ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அது ஓரசை, ஐரிஷ் பேசும் ஊர்களில் நீ-அவ் என்று இரண்டாகப் பிரிந்து கேட்கும், மேற்கிலும் வடக்கிலும் கடைசி ஒலி உதட்டுக் குவிப்பில் முடியும்.

அடுத்தது அழுத்தம், இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. டோமாஸ் என்ற பெயரில் மன்ஸ்டர்க்காரர் இரண்டாம் அசையில் அழுத்தி து-மாஸ் என்பார், ஏனென்றால் அங்கே நெடில் எங்கே இருக்கிறதோ அழுத்தம் அங்கே ஓடும். கொனாக்டில் அழுத்தம் முதல் அசையிலேயே நிற்கும், நெடிலும் நெடிலாகவே இருக்கும். அல்ஸ்டரில் முதல் அசையை அழுத்திவிட்டு அடுத்த நெடிலைக் குறிலாகவே சுருக்கிவிடுவார்கள்: டோ-மஸ். கீரானும் அப்படியே, தெற்கில் வால் நீளும், வடக்கில் கீரன் என்று குறுகும். பெல்ஃபாஸ்ட்டில் ஒருவர் கீரன் என்று கூப்பிட்டால் அவர் தப்பாகச் சொல்கிறார் என்று திருத்தப் போகாதீர்கள். வீட்டில் ஒன்று, அம்மா பிறந்த ஊரில் ஒன்று என்று இரண்டு ஒலியோடு வளரும் பிள்ளைகள் அங்கே ஏராளம். தன் பெயரைப் பாட்டி தப்பாகச் சொல்கிறார் என்று ஒரு குழந்தை நினைக்கும்படி நாம் நடந்துகொள்ளக் கூடாது.

'ஆ' என்ற ஒலியே கூட இடம் மாறும். ஷான் என்பதில் தெற்கே அந்த ஆகாரம் தொண்டைப் பக்கம் போய் ஓகாரத்தை எட்டிப் பார்க்கும். வடக்கே அது வாயின் முன்பக்கம் வந்து, 'பேங்க்' என்று சொல்லும்போது வரும் உயிரைக் கொஞ்சம் நீட்டினது போல இருக்கும். இன்று தனிப் பெயராக உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஷேன், இந்த வடக்கு உச்சரிப்பு ஆங்கிலத்தில் ஏறியதன் விளைவுதான். 16-ஆம் நூற்றாண்டின் அல்ஸ்டர் தலைவர் ஷான் ஓ நீல், ஆங்கிலத்தில் ஷேன் ஓநீல் ஆனதும் இதே வழியில்தான்.

கீவா, க்வீவா சண்டை ரொம்பப் பிரபலம். இரண்டும் ஒரே பெயர்தான் (Caoimhe), ஒரே எழுத்துக்கூட்டல், பொதுவாக வடக்கில் கீவா, தெற்கே போகப் போக க்வீவா அதிகம். முதல் மெய் வன்மையானது, அடுத்து ஈகாரம், இரண்டுக்கும் நடுவில் நாக்கு நகரும்போது ஒரு சின்ன வகரச் சறுக்கல் பிறக்கிறது, அதைச் சிலர் முழுதாக ஒலிக்கிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். பாட்ரிக்கின் ஐரிஷ் வடிவத்தில் தெற்கே டகரம் தெளிவாகக் கேட்கும், கால்வேயின் மேற்குப் பகுதியான கொனமாராவில் அது விழுந்து பாரிக் ஆகிவிடும். இரண்டுமே சரி.

இன்னொன்று. எல்லா வேறுபாட்டையும் ஐரிஷ் வழக்கின் தலையில் கட்டாதீர்கள். 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர், ஆனால் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர்தான். அதாவது பெரும்பாலான ஐரிஷ் பெயர்கள் ஆங்கிலம் பேசும் வாயில்தான் அன்றாடம் புழங்குகின்றன, அந்த ஆங்கிலத்துக்கும் கார்க் பேச்சு, டப்ளின் பேச்சு, பெல்ஃபாஸ்ட் பேச்சு என்று தனித்தனி சாயல் இருக்கிறது. குழந்தை லண்டனில் வளரப் போகிறது என்றால் ஓர்லாவின் ரகரம் கரைந்து ஓலா ஆகிவிடும், ஏனென்றால் அந்த ஊர் ஆங்கிலத்தில் உயிருக்கு முன்னால் வராத ரகரம் ஒலிப்பதில்லை. கட்லீன் என்பது அமெரிக்காவில் கேட்லின் ஆனது எழுத்தை ஆங்கிலமாக வாசித்ததால். பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே குழந்தை எந்த ஊரில் வளரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஒரே ஒரு ஒலிப்பதிவைக் கேட்டு முடிவு செய்வதும் தவறு. ஸீர்ஷா என்ற பெயரை நடிகை ரோனன் தனக்கு ஸர்ஷா என்று சொல்கிறார், அது அவர் பெயர், அவர் சொல்வதே அதற்குச் சரி. ஸீர்ஷாவும் ஸேர்ஷாவும் அதே அளவு நிஜமானவை. டியாங்லன் என்ற இணைய அகராதியில் நிறையச் சொற்களுக்கு மூன்று வழக்குகளிலும் பதிவு உண்டு. பெயராகவும் சாதாரணச் சொல்லாகவும் இருப்பவற்றுக்கு அங்கே போய் மூன்றையும் கேளுங்கள், அப்புறம் அந்த ஊர்க்காரரிடமும் கேளுங்கள்.

எழுத்தின் மேல் போடும் சாய்கோடு, ஃபாடா, அலங்காரம் இல்லை. நமக்குக் குறிலும் நெடிலும் எப்படியோ அப்படி. அதை விட்டுவிட்டால் ஷான் 'கிழம்' என்று பொருள்படும் ஷன் ஆகிவிடும். பதிவுப் படிவத்திலேயே போட்டு வாங்கிவிடுங்கள்.

கடைசியாக விளி. தமிழில் முருகன் முருகா ஆவது போல ஐரிஷிலும் கூப்பிடும்போது பெயர் மாறும், ஆனால் அங்கே மாற்றம் பெயரின் முன்பக்கத்தில் தொடங்கும். ஷானை அழைத்தால் ஹகரம் முன்னால் வந்து 'அ ஹ்யாய்ன்' போல ஒலிக்கும். மாரா என்பவளைக் கெர்ரியில் பல் பட்ட வகரத்தோடும் டொனகாலில் உதடு குவித்த வகரத்தோடும் 'அ வாரா' என்பார்கள். இது தெரியாமல் ஆசிரியர் பெயரை மாற்றிச் சொல்கிறார் என்று பெற்றோர் சங்கடப்படுவது உண்டு. பிள்ளையை ஐரிஷ் வழிப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், பெயரை முடிவு செய்யும் முன்பே அந்த விளி வடிவத்தையும் உங்கள் பகுதிக்காரர் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.